கல்லூரிக் கூடைப்பந்து கேம்ப்: முதல் முறை வருபவர்கள் நிற்கப் பழக ஒரு வழிகாட்டி

ஜூன் கடைசியில் கோவைப் பக்கத்துக் கல்லூரி மைதானம் ஒன்றில் மாலை ஐந்து மணிக்குப் போய் நின்று பாருங்கள். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று தென்னை மட்டைகளை ஒரே பக்கமாகச் சீவிவிட்டிருக்கும். சிமெண்ட் தரையில் இருபது, இருபத்தைந்து பேர் வரிசையில் நிற்பார்கள். அவர்களில் ஏழெட்டுப் பேர் புதியவர்கள். யார் புதியவர் என்று முகத்தைப் பார்க்காமலே சொல்லிவிடலாம். பந்தோடு ரிங்கை நோக்கிப் பறப்பார், அழகாக எழும்புவார், கூடையில் போட்டும் விடுவார். அதன் பிறகு நிற்க முடியாமல் கம்பத்தைத் தாண்டி, கம்பிவேலியைக் கையால் பிடித்துத்தான் நிற்பார்.

நானும் வேலியைப் பிடித்து நின்றவன்தான். பிறகு படிப்பு முடியும்வரை கல்லூரி அணியில் ஆடினேன். இப்போது சனி, ஞாயிறுகளில் ஜூனியர் பிள்ளைகளின் பயிற்சிக்கு ஒத்தாசையாகப் போகிறேன். எந்த ஷூ வாங்குவது, எவ்வளவு ஓட வேண்டியிருக்கும், வாந்தி வருமா என்று வருடா வருடம் ஒரே கேள்விகள் வருவதால் ஒரு முறை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். (கடைசிக் கேள்விக்கு விடை: வரலாம். அவமானப்பட ஒன்றுமில்லை. ஆனால் கோர்ட்டுக்கு வெளியே.)

முன்பருவப் பயிற்சி என்று இங்கே யாரும் சொல்வதில்லை; கேம்ப் என்பதுதான் பேச்சு. கல்லூரி திறந்த கையோடு ஆரம்பித்து, மண்டலப் போட்டிகள் தொடங்கும்வரை ஐந்தாறு வாரம் நடக்கும். பாரதியார் பல்கலைக்கழகத்தில் இணைந்த கலைக் கல்லூரியானாலும் அண்ணா பல்கலைக்கழகத்தில் இணைந்த பொறியியல் கல்லூரியானாலும் வழி ஏறக்குறைய ஒன்றுதான். முதலில் மண்டலம், வென்றால் மண்டலங்களுக்கு இடையிலான போட்டி, அங்கே கண்ணில் பட்டால் பல்கலைக்கழக அணி, அதற்கும் மேலே தென்மண்டலப் பல்கலைக்கழகங்களின் போட்டி. கேம்ப்பில் உங்களைப் புதிதாக யாரும் ஆட்டக்காரராக ஆக்கப் போவதில்லை. இருக்கிற ஆட்டத்தைத் தாங்கும் கால்களைத்தான் அங்கே உண்டாக்குவார்கள். அதிலும் பாதி வேலை, ஓடுகிற காலை நிறுத்தப் பழக்குவது.

வருவதற்கு மூன்று வாரம் முன்பு

பிளஸ் டூ தேர்வு மார்ச்சில் முடிந்த பிறகு பலர் பந்தைத் தொடுவதோடு சரி, ஓடுவதில்லை. ஏப்ரலும் மே மாதமும் பாட்டி ஊரிலும் கட்டிலிலும் போய்விடும். அந்த உடம்போடு ஜூனில் கேம்ப்புக்கு வந்தால் மூன்றாம் நாள் படி இறங்க முடியாது. ஆகவே மூன்று வாரத்துக்கு முன்பே, வாரத்தில் நான்கு நாள் இருபது நிமிட மெதுவோட்டத்தில் ஆரம்பியுங்கள். பேச முடிகிற வேகம் போதும். இரண்டாம் வாரத்தில் அதை முப்பது நிமிடம் ஆக்குங்கள். மூன்றாம் வாரத்தில் நடுநடுவே பத்துப் பதினைந்து விநாடி வேக ஓட்டங்களைச் சேருங்கள். கோவைக்காரர்களுக்கு ரேஸ்கோர்ஸ் நடைபாதையும் நேரு விளையாட்டரங்கமும் இருக்கின்றன. கிராமத்தில் இருப்பவர்களுக்கு வாய்க்கால் மேட்டு மண்பாதையைவிட நல்ல இடம் கிடையாது. முழங்காலுக்கு அது தாரையும் சிமெண்டையும்விட இதமானது.

ஈரோடு, கரூர், சேலம் பக்கத்துப் பிள்ளைகள் வெயிலைப் பற்றிச் சொன்னால் சிரிப்பார்கள். பிறந்ததிலிருந்து பார்க்கிற வெயில்தானே என்பார்கள். வெயிலில் நடமாடுவது வேறு, வெயிலில் வேகமாக ஓடுவது வேறு. வியர்வையைச் சீக்கிரம் விடவும் உப்பை மிச்சம் பிடிக்கவும் உடம்பு பழகுவதற்குப் பத்து முதல் பதினான்கு நாள் ஆகும். வீட்டு மின்விசிறிக்கு அடியிலேயே மே மாதத்தைக் கழித்தவருக்கு அந்தக் கணக்கு கேம்ப்பின் முதல் நாளிலிருந்துதான் ஓட ஆரம்பிக்கும்.

ஷூ விஷயத்தில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். மெதுவோட்டத்துக்கு விற்கிற, அடிப்பாகம் பஞ்சுபோல் உயர்ந்த ஷூவைப் போட்டுக்கொண்டு கூடைப்பந்து ஆடாதீர்கள். அது நேராக ஓடுவதற்கென்று செய்தது. பக்கவாட்டில் நிறுத்தினால் கணுக்கால் உருண்டுவிடும். கடையில் ஷூவை முன்னும் பின்னும் பிடித்துத் துணி பிழிவதுபோல் முறுக்கிப் பாருங்கள். சுலபமாக முறுக்கிக்கொண்டால் வேண்டாம். அடிரப்பர் கெட்டியாக இருக்கட்டும். மரத்தரைக்கென்று செய்த மெல்லிய ரப்பரை நம் சிமெண்ட் தரை இரண்டே மாதத்தில் தின்றுவிடும். சாயங்காலம் போய் வாங்குங்கள், கால் அப்போதுதான் சற்று வீங்கியிருக்கும். தடித்த காலுறையைக் கையோடு கொண்டுபோங்கள். முக்கியமாக, புது ஷூவோடு முதல் நாளுக்கு வராதீர்கள். ஒரு வாரம் வீட்டிலேயே போட்டு நடந்துவிட்டு வாருங்கள்.

பிறப்புச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், புகைப்படம் எல்லாவற்றிலும் நான்கைந்து நகல் ஒரே உறையில் இருக்கட்டும். வீசிங், வலிப்பு, பழைய எலும்பு முறிவு ஏதாவது இருந்தால் மருத்துவரைப் பார்த்துவிட்டு, பயிற்சியாளரிடமும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

முதல் நாள் காலை

ஐந்தரை மணி என்றால் ஐந்தேகாலுக்கு அங்கே இருங்கள். அந்தக் கால் மணி நேரத்தில் செய்ய வேலை உண்டு. பனியோ தூறலோ விழுந்திருந்தால் சிமெண்ட் தரையில் கோணிச்சாக்கைப் போட்டு இழுத்துத் துடைக்க வேண்டும். வேப்பம்பழமும் சருகும் விழுந்திருந்தால் பெருக்க வேண்டும். இதைப் புதியவர்கள் தலையில் கட்டுகிறார்களே என்று சிலருக்குக் கோபம் வரும். எனக்கும் வந்தது. ஆனால் ஒரு நாள் பெருக்கினால் தரையில் எங்கே விரிசல், எங்கே வழுக்கல், எந்த மூலையில் தண்ணீர் தேங்கும் என்று காலுக்குத் தெரிந்துவிடும்.

மைதானத்தைப் பார்த்துக்கொள்பவரை இங்கே மார்க்கர் என்பார்கள். எங்கள் மார்க்கருக்கு அப்போதே அறுபதை நெருங்கிய வயது. பந்து அறையின் சாவியை இடுப்பு அரைஞாணில் கட்டியிருப்பார். காற்று அடிக்கும்போது பம்பின் ஊசியை நாக்கில் ஒரு தொடு தொட்டு ஈரப்படுத்திவிட்டுத்தான் பந்தில் ஏற்றுவார். உலர்ந்த ஊசியை ஏற்றினால் உள்ளே இருக்கும் வால்வு கிழிந்துவிடும் என்பது அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். “சாமி, பந்து கெட்டால் வேறு பந்து வரும், முட்டி கெட்டால் வராது” என்று எல்லோரிடமும் சொல்வார். அவரிடம் மரியாதையாக இருங்கள். ஞாயிற்றுக்கிழமை அறை திறக்க வேண்டுமென்றால் அவர்தான் திறக்க வேண்டும்.

சீனியர்களை அண்ணா, அக்கா என்றே கூப்பிடுங்கள். பயிற்சியாளரும் உடற்கல்வி இயக்குநரும் சார் அல்லது மேடம். முதல் நாள் எந்த இடத்தில் ஆடுவாய் என்று கேட்டால், எங்கே போட்டாலும் ஆடுகிறேன் என்று அடக்கமாகச் சொல்லித் தப்பிக்காதீர்கள். பள்ளியில் எங்கே ஆடினீர்களோ அதைச் சொல்லுங்கள். மாற்றுவது அவர்கள் வேலை.

முதல் பத்து நாள்

இந்தப் பத்து நாளில்தான் பெரும்பாலான புதியவர்கள் தங்களைக் கெடுத்துக்கொள்கிறார்கள். சீனியர்கள் பார்க்கிறார்கள் என்ற எண்ணத்தில் முதல் மூன்று நாள் குதித்துத் தள்ளிவிட்டு, நான்காம் நாள் தொடை கல்லாகி, ஆறாம் நாள் வராமல் போகிறார்கள். பயிற்சியாளர் பெயர்ப் பட்டியலை உண்மையாகப் பார்க்க ஆரம்பிப்பது பதினொன்றாம் நாள்.

இந்த நாட்களில் கற்க வேண்டிய முதல் பாடம் இறங்குவது. ஒரு அடி உயரப் படியோ திண்ணையோ போதும். மேலே நின்று, குதிக்காமல், ஒரு காலை முன்னால் நீட்டி அப்படியே விழுங்கள். இரண்டு பாதமும் சேர்ந்து தரையில் பட வேண்டும். இடுப்பு பின்னால் போக வேண்டும், முட்டி மடங்க வேண்டும், மூன்று எண்ணும்வரை அசையக் கூடாது. காதைத் தீட்டிக்கொள்ளுங்கள். தொப்பென்று சத்தம் வந்தால் அதிர்ச்சி முழுவதும் எலும்பும் முட்டியும் வாங்கியிருக்கிறது என்று பொருள். பூனை இறங்கியதுபோல் இருந்தால் தசை வாங்கியிருக்கிறது. நண்பர் ஒருவரை எதிரே உட்காரவைத்து முட்டியைப் பார்க்கச் சொல்லுங்கள். இறங்கும்போது இரண்டு முட்டியும் ஒன்றையொன்று முட்ட வருவதுபோல் உள்ளே வளைந்தால் ஆபத்து. முட்டியின் உள்நாண் அறுவது அந்த வளைவில்தான். பெண்களுக்கு இந்தக் காயம் வரும் வாய்ப்பு ஆண்களைவிட அதிகம். ஆகவே பெண்கள் அணிக்கு வருபவர்கள் இந்தப் பயிற்சியைச் சோம்பலால் தள்ளிப்போட வேண்டாம். தினமும் பத்து முறை, இரண்டு சுற்று. ஐந்து நிமிடம்கூட ஆகாது.

அடுத்தது ஓட்டத்தில் நிற்பது. இரண்டு காலும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி நின்றால் எந்தக் காலை வேண்டுமானாலும் ஊன்றுகாலாக வைத்துச் சுழலலாம். ஒன்றன் பின் ஒன்றாகப் பட்டால் முதலில் பட்டதுதான் ஊன்றுகால். அதைத் தூக்கி நடந்தால் டிராவல் என்ற விதிமீறல். பள்ளி அணியில் நன்றாக ஆடியவர்கள்கூட இதில் தடுமாறுவதைப் பார்க்கிறேன். வேகத்தைக் குறைத்து, நடந்துகொண்டே ஆரம்பியுங்கள்: நான்கு எட்டு, நில். நான்கு எட்டு, நில். பிறகு மெதுவோட்டம், பிறகு பந்தோடு. முதுகு நிமிர்ந்தபடியே நிற்பவர் முன்னால் சாய்ந்துபோவார். நாற்காலியில் பாதி உட்கார்ந்தவர்போல் நிற்பவர் நிலைப்பார்.

1891 டிசம்பரில் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டில் ஜேம்ஸ் நெய்ஸ்மித் இந்த ஆட்டத்தை உண்டாக்கியபோது எழுதிய பதின்மூன்று விதிகளில், பந்தைப் பிடித்தவர் அதோடு ஓடக் கூடாது, பிடித்த இடத்திலிருந்தே எறிய வேண்டும் என்பதும் ஒன்று. தட்டிக்கொண்டு ஓடுவதெல்லாம் பின்னால் வந்தது.

கோடு ஓட்டம்

எந்தக் கேம்ப்பிலும் எல்லோரும் வெறுக்கும் பயிற்சி இது. கடைக்கோட்டிலிருந்து ஃப்ரீ த்ரோ கோடு, திரும்பு, நடுக்கோடு, திரும்பு, எதிர்ப் பக்க ஃப்ரீ த்ரோ கோடு, திரும்பு, எதிர்க் கடைக்கோடு, திரும்பு. கோர்ட்டின் நீளம் 28 மீட்டர், ஃப்ரீ த்ரோ கோடு கடைக்கோட்டிலிருந்து 5.8 மீட்டர். கணக்குப் போட்டால் ஒரு சுற்று 140 மீட்டர். அதற்குள் ஏழு முறை நின்று திரும்ப வேண்டும். எட்டாவது முறை நிற்பதோடு சுற்று முடியும். நேராக 140 மீட்டர் ஓடுவதில் உங்களை மிஞ்ச ஆள் இல்லாமல் இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு திருப்பத்திலும் கோட்டைத் தாண்டி இரண்டு எட்டுச் சறுக்குகிறவர் ஏழு திருப்பத்தில் இருபத்தெட்டு எட்டு அதிகமாக ஓடுகிறார், போக இரண்டும் வர இரண்டுமாக. எங்கள் அணியில் வேகம் குறைந்த, குட்டையான ஒரு அண்ணன் எப்போதும் முதல் மூன்று பேருக்குள் வந்துவிடுவார். கோட்டுக்கு மூன்று எட்டு முன்பே இடுப்பை இறக்கிவிடுவார். கோட்டைக் கையால் தொட்டு, தரையைத் தள்ளிக்கொண்டு எழுந்து ஓடுவார். அவர் காலையே நான் ஒரு மாதம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பீப் டெஸ்டும் இருக்கும். 20 மீட்டர் இடைவெளியில் ஒலிக்கு ஏற்ப ஓட வேண்டும். முதல் நிலை மணிக்கு 8.5 கிலோமீட்டர் வேகம், ஒவ்வொரு நிமிடமும் 0.5 கூடிக்கொண்டே போகும். முதல் நிலைகள் நடையைவிடச் சற்று வேகம், அவ்வளவுதான். அதில் பாய்ந்து ஓடிவிட்டுக் கோட்டில் காத்து நிற்பவர்கள் உண்டு. ஒலியும் நீங்களும் ஒன்றாகக் கோட்டுக்கு வந்து சேர வேண்டும். முன்னால் வந்ததற்குப் பரிசு கிடையாது.

படிக்கட்டு, என் முட்டாள்தனம்

கொங்குப் பக்கத்தில் மலைக்கோயில் இல்லாத திசை ஏது? மருதமலை, சிவன்மலை, சென்னிமலை, திருச்செங்கோடு என்று அணிகள் ஞாயிறு விடியலில் படி ஏறப் போவது வழக்கம். எங்களைச் சென்னிமலைக்கு அழைத்துப் போனார்கள். 1320 படிகள். முருகனின் அபிஷேகத்துக்குக் காளைகள் தண்ணீர் சுமந்து ஏறுவதும் இந்தப் படிகளில்தான். இரட்டை மாட்டு வண்டியே ஒரு முறை படி வழியாக மேலே வந்தது, 1984இல், என்று ஊர்க்காரர்கள் இன்னும் சொல்வார்கள்.

எனக்கு அது கேம்ப்பின் ஆறாம் நாள். ஏறும்போது முதல் ஆளாகப் போனேன். அதில் தப்பு ஒன்றும் நடக்கவில்லை. மேலே கும்பிட்டுவிட்டு, இறங்கும்போதும் முதல் ஆளாக வர வேண்டும் என்று இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கினேன். மறுநாள் தொடை பிடித்துக்கொண்டது. அதற்கும் மறுநாள் கழிப்பறையில் உட்கார முடியவில்லை. தசை சுருங்கிக்கொண்டு வேலை செய்யும்போது இவ்வளவு சேதம் ஆவதில்லை. சுமையைத் தாங்கிக்கொண்டே நீளும்போதுதான் இழைகள் நைந்துபோகின்றன. படி இறங்குவது முழுக்க அந்த வேலை. வலி உடனே தெரியாது, ஒன்று முதல் மூன்று நாளுக்குள் உச்சத்துக்குப் போகும். தொடை வலி ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. ஆனால் கெண்டைக்காலுக்கு முன்னால், எலும்பை ஒட்டிப் பிடித்த வலி போகவில்லை. சொன்னால் பெயரை எடுத்துவிடுவார்கள் என்று மறைத்து மறைத்து ஓடினேன். ஐந்தாம் வாரத்தில் நொண்டியபோது மருத்துவர் பார்த்துவிட்டு ஆறு வாரம் ஓடக் கூடாது என்றார். அந்த வருடம் மண்டலப் போட்டியை வேட்டி கட்டிக்கொண்டு வெளியில் உட்கார்ந்து பார்த்தேன்.

ஏறுங்கள். நன்றாக ஏறுங்கள். இறங்கும்போது நடந்து, ஒவ்வொரு படியாக, கைப்பிடிப் பக்கமாக இறங்குங்கள். மலைக்கு வண்டிப் பாதை இருந்தால் அதில் இறங்கினாலும் குறை ஒன்றுமில்லை.

காற்றும் பந்தும்

ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். அறுநூறு கிராம் பந்து எம்மாத்திரம்? கோவை, பொள்ளாச்சி, உடுமலைப் பக்கம் ஜூன், ஜூலையில் மேற்கிலிருந்து அடிக்கும் காற்றில், மூன்று புள்ளிக் கோட்டிலிருந்து, அதாவது 6.75 மீட்டரிலிருந்து எறிந்த பந்து ரிங்குக்கு ஒரு முழம் தள்ளி விழும். புதியவர்கள் பதறிப்போய் எறியும் கையை மாற்றுவார்கள். முழங்கையை உள்ளே இழுப்பார்கள், வளைவைத் தாழ்த்துவார்கள். பிறகு உள்ளரங்கில் ஆடப் போனால் பந்து போர்டில் மோதித் திரும்பும். காற்றுக்காகக் கையை மாற்றாதீர்கள்.

காற்று சாயங்காலத்தைவிட விடியலில் அடங்கியிருக்கும். தூர எறிதல்களைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மாலையில் ரிங்கின் அடியிலும் இரண்டு, மூன்று மீட்டர் தூரத்திலும், போர்டில் பட்டு விழும் எறிதல்களைப் பழகுங்கள். ஃப்ரீ த்ரோவை மட்டும் ஓடிக் களைத்த பிறகு எறியுங்கள். மூச்சு வாங்கும்போது பத்துக்கு எத்தனை விழுகிறது என்பதுதான் உங்கள் உண்மைக் கணக்கு. நோட்டில் தேதி போட்டு எழுதி வையுங்கள்.

கோவையில் பி.எஸ்.ஜி. கோப்பையும் நாச்சிமுத்து கவுண்டர் கோப்பையும் நடக்கும்போது ஒரு நாளாவது போய்ப் பாருங்கள். பெண்களுக்கு சி.ஆர்.ஐ. பம்ப்ஸ் கோப்பை இருக்கிறது. நாட்டின் பெரிய அணிகளை அரை மணி பஸ் பயணத்தில் பார்க்கும் வசதி எல்லா ஊருக்கும் வாய்ப்பதில்லை. பந்தைப் பார்க்காமல் ஒரே ஒரு ஆட்டக்காரரின் பாதங்களை மட்டும் ஐந்து நிமிடம் பாருங்கள். எங்கே நிற்கிறார், எப்படி நிற்கிறார் என்று தெரியும்.

சாப்பாடு

விடுதி மெஸ்ஸில் காலை உணவு ஏழரைக்கு, பயிற்சி ஐந்தரைக்கு. வெறும் வயிற்றில் வராதீர்கள். முந்தைய இரவே இரண்டு வாழைப்பழம் அல்லது ஒரு பிடி பொட்டுக்கடலையும் நாட்டுச் சர்க்கரையும் எடுத்து வையுங்கள். பயிற்சி முடிந்து ஒரு மணி நேரத்துக்குள் நல்ல சாப்பாடு உள்ளே போக வேண்டும். நம் ஊர் அரிசிம்பருப்புச் சாதம் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும்: சோறு, பருப்பு, மேலே ஒரு கரண்டி நெய், கூடவே நாமக்கல் முட்டை இரண்டு. கம்பங்கூழில் மோர் விட்டு உப்புப் போட்டுக் குடித்தால் தண்ணீரும் உப்பும் மாவும் ஒரே சொம்பில் கிடைக்கும். புரதப் பொடி டப்பாவைப் பற்றிக் கேட்பவர்களிடம், மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிடுகிறீர்களா என்று முதலில் கேட்பேன். இதுவரை ஒருவர்கூட ஆம் என்று சொன்னதில்லை.

பயிற்சிக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்திருந்தால் ஏறக்குறைய ஒரு லிட்டர் நீர் போயிருக்கிறது. அதைக் கொஞ்சம் கொஞ்சமாக ஈடுகட்டுங்கள். வெறும் தண்ணீரை மடக்மடக்கென்று ஊற்றிக்கொள்வதைவிட மோரோ, ஒரு லிட்டர் தண்ணீரில் ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்ததோ நல்லது. சிறுநீர் அடர்மஞ்சளாகப் போனால் நீங்கள் பின்தங்கியிருக்கிறீர்கள். வெயிலில் ஓடும் ஒருவர் பேச்சுத் தடுமாறினாலோ, குழப்பமாக நடந்துகொண்டாலோ உடனே நிழலுக்குத் தூக்கிக்கொண்டு போய் உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றுங்கள், விசிறுங்கள், ஆம்புலன்ஸ் கூப்பிடுங்கள்.

வாயைத் திறங்கள்

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மட்டுமே உரிய ஒரு சங்கடம் இது. தடுப்பாட்டத்தில் எதிராளி எந்தப் பக்கம் வருகிறான், யார் குறுக்கே நின்று வழியை மறிக்க, அதாவது திரை போட, வருகிறார்கள் என்று பின்னால் நிற்பவர் கத்திச் சொல்ல வேண்டும். முன்னால் நிற்பவர் மூன்றாம் ஆண்டு அண்ணன். கொங்கு மரியாதையோடு வளர்ந்த பையன், “ஏனுங்கண்ணா, அந்தப் பக்கம் ஒருத்தர் வருகிறாருங்க, கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்க” என்று முடிப்பதற்குள் எதிராளி ரிங்குக்கு அடியில் ஓடிவந்து லே-அப் போட்டுவிட்டுத் திரும்பி ஓடிக்கொண்டிருப்பான். கோர்ட்டுக்குள் ஒற்றைச் சொல்தான்: “வலம்!” “இடம்!” “மாறு!” கோட்டைத் தாண்டி வெளியே வந்ததும் மறுபடி அண்ணா என்று சொல்லிக்கொள்ளுங்கள், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். முதல் வாரம் தொண்டை கட்டவில்லை என்றால் நீங்கள் போதுமான அளவு கத்தவில்லை.

விதிகளில் எண்களை மட்டுமாவது மனப்பாடம் செய்யுங்கள். பந்து கைக்கு வந்ததும் ரிங்கை நோக்கி எறிய 24 விநாடி. ரிங்கில் பட்ட பந்தை நாமே மீண்டும் பிடித்தால் 14. நம் பின்பாதியைக் கடக்க 8, கோட்டுக்கு வெளியே நின்று பந்தை உள்ளே எறிய 5, எதிராளியின் ரிங்குக்கு அடியில் இருக்கும் கட்டத்துக்குள் நிற்க 3. ஐந்து ஃபவுல் செய்தால் வெளியே.

அடி பட்டால்

கணுக்கால் சுளுக்குத்தான் அதிகம் நடப்பது, பெரும்பாலும் இன்னொருவர் பாதத்தின் மேல் இறங்குவதால். உடனே ஆட்டத்தை நிறுத்துங்கள், காலை உயர்த்தி வையுங்கள், பக்கத்து ஜூஸ் கடையில் ஐஸ் வாங்கித் துணியில் சுற்றிப் பதினைந்து நிமிடம் வையுங்கள், பட்டைத் துணியால் கட்டுங்கள். எழுந்து நான்கு எட்டு வைக்க முடியவில்லை என்றாலோ, கணுக்கால் எலும்பை அழுத்தினால் உயிர் போகிறது என்றாலோ எக்ஸ்ரே எடுத்தாக வேண்டும். ஊரில் நன்றாக நீவி விடுபவர்கள் இருக்கிறார்கள், நானும் போயிருக்கிறேன். ஆனால் முதல் இரண்டு நாள் யார் நீவவும் விடாதீர்கள்; உள்ளே கசியும் ரத்தம் அதிகமாகிவிடும். எக்ஸ்ரே பார்க்காமல் எப்போதும் வேண்டாம்.

வலியைச் சொல்வதற்கும் ஒரு முறை இருக்கிறது. கால் வலிக்கிறது சார் என்றால் எல்லோருக்கும்தான் வலிக்கிறது என்ற பதில் வரும். எந்த இடம், எப்போதிலிருந்து, ஓடும்போதா நிற்கும்போதா, காலையில் எழுந்ததும் இருக்கிறதா என்று நான்கையும் சேர்த்துச் சொல்லுங்கள். விரலால் ஒரே புள்ளியைத் தொட்டுக் காட்ட முடிகிற எலும்பு வலியை ஒரு நாள்கூட மறைக்காதீர்கள்.

பன்னிரண்டு பேர்

ஐந்தாம் வாரம் நட்பு ஆட்டங்கள் வரும், பிறகு பட்டியல். பன்னிரண்டு பெயர்தான். முதல் ஆண்டிலேயே அதில் வராமல் போவது சாதாரணம். பட்டியலில் இல்லாதவர்களும் பயிற்சிக்கு வரலாமா என்று பயிற்சியாளரிடம் நேரில் கேளுங்கள். பெரும்பாலும் வரச் சொல்வார்கள், எதிரணியாக ஆட ஐந்து பேர் எப்போதும் தேவை. பட்டியலில் இருந்தால் ஓ.டி. (ஆன் டியூட்டி) கடிதத்தை, அதாவது போட்டி நாட்களை வருகையாகக் கணக்கில் எடுக்கச் சொல்லும் கடிதத்தைப் போட்டிக்கு முன்பே துறைத்தலைவரிடம் கையெழுத்து வாங்கி, ஒரு நகலை நீங்களே வைத்துக்கொள்ளுங்கள். போட்டி முடிந்து வந்து வாங்கிக்கொள்ளலாம் என்று விட்டவர்கள் வருகைப் பதிவுக்காக செமஸ்டர் கடைசியில் அலைவதைப் பார்த்திருக்கிறேன்.

போட்டிக்கு முந்தைய மூன்று நாள் ஓட்டத்தைப் பாதியாகக் குறைப்பார்கள். அப்போது தனியாகப் போய்ப் படி ஏறாதீர்கள். முந்தைய இரவு ஷூ லேஸை இழுத்துப் பாருங்கள், நைந்திருந்தால் மாற்றுங்கள். பையில் இரண்டு ஜோடி காலுறை, ஒரு துண்டு, வாழைப்பழம், பட்டைத் துணி. பஸ் காலை ஆறு மணிக்கு என்றால் ஐந்தே முக்காலுக்கு வாசலில் நில்லுங்கள். பந்துப் பையைத் தூக்குவது முதலாம் ஆண்டுக்காரர் வேலை.